பாஸ்போர்ட் எடுத்துடலாம், பேர் எடுக்கிறதுதான் கஷ்டம்

எங்கள் ராமநாதபுரத்தில் எந்தச் சர்க்கார் காரியமானாலும் முதல் கேள்வி, "யாரைப் பார்க்கணும்?" பட்டா மாறுதலா, யாரைப் பார்க்கணும்? வாரிசுச் சான்றா, யாரைப் பார்க்கணும்? அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்கணும் என்று ஒரு காதுகுத்து வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னேன். பந்தி முடிவதற்குள் ஆளுக்கொரு பெயரும் போன் நம்பரும் வந்து சேர்ந்தன. அதில் ஒருத்தர் போன வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதை, இலை எடுக்கும்போது இன்னொரு மாமா ஞாபகப்படுத்தினார்.

நான் யாரையும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை. அதை அழுத்திச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். அதே சமயம், "எல்லாம் ஆன்லைன் மச்சான், அரை மணி நேர வேலை" என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறவர்களையும் முழுசாக நம்பிவிடாதீர்கள். கையில் காகிதம் சரியாக இருந்தால் அரை மணி நேரம்தான். எங்கள் பக்கம் அறுபதைத் தாண்டிய பெண்களுக்குக் காகிதம் சரியாக இருப்பது அபூர்வம். ரேஷன் கார்டில் ஒரு வயசு, ஓட்டர் ஐடியில் ஒரு வயசு, பேங்க் பாஸ்புக்கில் ஒரு பேர், நூறு நாள் வேலை அட்டையில் இன்னொரு பேர். அவர்கள் வாழ்ந்தது ஒரே வாழ்க்கைதான். எழுதி வைத்தவர்கள்தான் பல பேர்.

தங்கச்சி ஷார்ஜாவில் இருக்கிறாள். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வருவதுதான் முறை. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, டாக்டரும் கடைசி மாதங்களில் பிளேன் ஏற வேண்டாம் என்றுவிட்டார். ஆக, தாய்வீடு கிளம்பிப் போக வேண்டியதாயிற்று. இது எங்கள் மாவட்டத்தில் புதுசு இல்லை. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கமெல்லாம் தெருவுக்குப் பாதி வீடு சபராளி வீடு, அதாவது சம்பாதிக்க வெளிநாடு போனவர் வீடு. வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர் என்று ஆண்கள் தலைமுறை தலைமுறையாகப் போய் வந்தார்கள். பாஸ்போர்ட் இல்லாத ஆம்பளையை எண்ணிவிடலாம் என்கிற ஊர்களில்கூட, போன தலைமுறைப் பெண்களுக்குப் பாஸ்போர்ட் என்றால் பீரோவில் பூட்டி வைக்க வேண்டிய புருஷனின் சாமான். தனக்கென்று ஒன்று எடுக்க வேண்டிய நாள் வரும் என்று அவர்கள் நினைத்ததே இல்லை.

கொஞ்சம் பழைய கதை. 2007 டிசம்பரில் மதுரையில் பாஸ்போர்ட் அலுவலகம் திறக்கும் வரைக்கும் எங்களுக்கெல்லாம் திருச்சிதான். நேரில் போக முடியாதவர்கள் டிராவல்ஸ்காரரிடம் போட்டோவையும் பணத்தையும் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். "யாரைப் பார்க்கணும்" என்கிற கேள்வி பிறந்ததே அப்போதுதான் என்று நினைக்கிறேன். தூரம்தான் புரோக்கரை வளர்த்தது. மதுரை வந்த பிறகும் இங்கேயிருந்து 115 கிலோமீட்டர். விடியக்காலம் பஸ் ஏறி, ஒரு ஜெராக்ஸ் விட்டுப்போனால் பொழுது சாயத் திரும்பி வர வேண்டும்.

2017 ஜனவரியில் மத்திய அரசு ஒரு உருப்படியான காரியம் செய்தது. தலைமை தபால் நிலையங்களிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் நடத்தலாம் என்று முடிவெடுத்து, முதலில் மைசூரிலும் குஜராத்தின் தாஹோதிலும் திறந்து பார்த்தார்கள். சரிப்பட்டு வந்தது. பிறகு வரிசையாக நாடு முழுவதும் நானூறுக்கும் மேல் திறந்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் சேலம், வேலூர் என்று ஆரம்பித்து எங்கள் ஊருக்கும் வந்தது. மணியார்டர் அனுப்பவும் ஸ்டாம்பு வாங்கவும் போன கட்டடத்திலேயே இப்போது கைரேகை வைத்துவிட்டு வரலாம். பாஸ்போர்ட் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் புத்தகத்தை அச்சடிப்பதும் மதுரைதான். நாம் போய் உட்காரும் ஜன்னல் மட்டும் உள்ளூருக்கு வந்திருக்கிறது. அதுவே பெரிய காரியம்.

இனி காகிதத்துக்கு வருகிறேன். முதல் முட்டு, பிறந்த தேதி.

அம்மாவின் ஆதாரில் பிறந்த ஆண்டு 1961 என்று மட்டும் இருந்தது. நாளும் மாதமும் இல்லை. ஆரம்பத்தில் முகாம் போட்டு ஆதார் எடுத்தபோது தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் அப்படித்தான் போட்டார்கள். பாஸ்போர்ட் விதியோ, ஆதாரைப் பிறந்த தேதிக்குச் சான்றாகக் காட்டினால் அதில் முழுத் தேதி இருக்க வேண்டும் என்கிறது. வெறும் வருஷம் செல்லாது. ஓட்டர் ஐடி, "1.1.1995 அன்று வயது 30" என்றது. அந்தக் கணக்குப்படி அம்மா மூணு வருஷம் இளையவர். அம்மாவுக்கு அதில் ஒன்றும் வருத்தம் இல்லை.

பிறந்த தேதிக்கு என்னென்ன சான்று ஏற்பார்கள் என்பது 2016 டிசம்பரில் நன்றாகவே தளர்ந்துவிட்டது. அதற்கு முன்னால் 1989 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் முடியாது. இப்போது பள்ளி மாற்றுச் சான்றிதழ், பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், எல்.ஐ.சி. பாலிசி பத்திரம், முழுத் தேதி உள்ள ஆதார், ஓட்டர் ஐடி என்று பட்டியல் நீளம். ஒன்றே ஒன்று கவனியுங்கள்: 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கு மறுபடியும் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். பேரன் பேத்திக்குப் பெயர் வைத்த கையோடு பிறப்புச் சான்றிதழிலும் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

அம்மாவிடம் பான் இல்லை, பாலிசி இல்லை, லைசென்ஸ் கிடையவே கிடையாது. கம்ப்யூட்டர் சென்டர் பையன் சர்வ சாதாரணமாக, "ஜனவரி ஒண்ணுன்னு போட்டு ஆதாரை மாத்திருவோம்ணே, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றான். எல்லாரும் பண்ணுகிறார்கள் என்பது நிஜம். ஆனால் பொய்த் தகவல் கொடுத்துப் பாஸ்போர்ட் வாங்கினால் பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறை, ஐயாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். கற்பனையாக ஒரு தேதி போட்டுவிட்டு, பின்னால் வேறொரு காகிதத்தில் வேறொரு தேதி கிளம்பினால் அம்மா போய் எந்த ஆபீசில் நிற்பார்? வேண்டாம்பா என்றேன்.

"நீ படிச்ச பள்ளிக்கூடம் எதும்மா?"

"நான் எங்க படிச்சேன். அஞ்சாப்பு பாதியில நிறுத்திட்டாக."

அஞ்சாப்பு பாதி போதும். முதுகுளத்தூர் பக்கம் அம்மா பிறந்த ஊர். அங்கே இன்றைக்கும் அதே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி இருக்கிறது. கட்டடம் புதுசு, வேப்பமரம் பழசு. தலைமை ஆசிரியை எங்களை உட்கார வைத்து, "எந்த வருஷம் சேர்ந்தீங்கம்மா?" என்றார். அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அம்மாச்சி உயிரோடு இருந்தபோது, தனுஷ்கோடிப் புயல் அடிச்சப்ப நீ ஓடித் திரியிற புள்ள என்று சொல்வாராம். புயல் 1964 டிசம்பர். டீச்சர் கணக்குப் போட்டு, அறுபத்தஞ்சு, அறுபத்தாறு, அறுபத்தேழு மூன்று வருஷத்துச் சேர்க்கைப் பதிவேட்டையும் இரும்புப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னார்.

ஓரமெல்லாம் பொடிந்த நீளக் கணக்கு நோட்டு. சேர்க்கை எண், பேர், தகப்பனார் பேர், தொழில், பிறந்த தேதி, சேர்ந்த நாள், நீங்கிய நாள், காரணம் என்று கையால் கோடு போட்ட கட்டங்கள். தொட்டு எழுதும் பேனாவின் நீல மசி பழுப்பாகியிருந்தது. அம்மா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் டீச்சரைவிட வேகமாக விரல் ஓடியது. தன் பேரைத் தேடவில்லை. "இவ முத்துராக்கு. கமுதிக்குக் கட்டிக் குடுத்தாக. இவன் நம்ம கோனார் வீட்டுப் பய, செத்துப் போயிட்டான்" என்று ஒரு வகுப்பையே எழுப்பி உட்கார வைத்துவிட்டார். 1966ஆம் வருஷப் பக்கத்தில் இருந்தது: வள்ளியம்மாள், பிறந்த தேதி 5.6.1961. நீங்கிய காரணம் என்ற கட்டத்தில் "குடும்ப வேலை".

அந்த ஜூன் மாதத்துக்கு ஒரு விளக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில். பிள்ளையைக் கூட்டிவந்தால் வாத்தியார் வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் அஞ்சு வயசு. அன்றைய தேதியிலிருந்து அஞ்சு வருஷம் கழித்துப் பிறந்த தேதியாக எழுதிக்கொள்வார். அதனால்தான் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே மே, ஜூன் மாதங்களில் பிறந்தது. எப்படி எழுதியிருந்தால் என்ன, ஒரு அரசுப் பள்ளியின் பதிவேட்டில் ஏறிவிட்ட தேதி அது. அம்மாவுக்குச் சட்டப்படி ஒரு பிறந்தநாள் கிடைத்தது. "எனக்குப் பொறந்தநாள் இருக்குன்னே இன்னைக்குத்தான்யா தெரியும்" என்றார்.

தொடக்கப்பள்ளியில் டி.சி. என்று தருவதில்லை, பதிவுத்தாள் என்று தருவார்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். டீச்சர் பதிவேட்டைப் பார்த்து நிரப்பி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தந்தார். ஒரு பைசா வாங்கவில்லை. டீ வாங்கித் தருகிறோம் என்றதற்கும் மறுத்துவிட்டார். எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் இருக்காது என்பதும் தெரியும். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் பிறப்பைத் தாமதமாகப் பதிவு செய்ய கோட்டாட்சியர் அலுவலகம் வரை போக வேண்டியிருக்கும். அது நீண்ட பாதை. டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட வேண்டும்.

இரண்டாவது முட்டு, பேர். இதுதான் பெரிய முட்டு.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பேருக்கு இரண்டு கட்டம். ஒன்று சொந்தப் பேர், இன்னொன்று குடும்பப் பேர். குடும்பப் பேர் என்று ஒன்று நமக்குக் கிடையாது. நம்மிடம் இருப்பது இனிஷியல். அந்த இனிஷியலைப் பாஸ்போர்ட் ஏற்காது. விரித்துத்தான் எழுத வேண்டும். அம்மாவுக்கு இனிஷியலே இரண்டு. பள்ளிப் பதிவேட்டில் தகப்பனார் பேர். கல்யாணத்துக்குப் பிறகு எல்லாக் காகிதத்திலும் அப்பாவின் "ரா".

குடும்பப் பேர்க் கட்டத்தை வெறுமனே விடலாம், சட்டம் தடுக்காது. பலரும் அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். வில்லங்கம் வெளியே போகும்போதுதான் ஆரம்பிக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று ஏர்லைன்களுக்குச் சொல்லிவிட்டது. டிக்கெட் வாங்கி வைத்திருந்த முருகன்களும் பாத்திமாக்களும் விழித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு, புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பேர் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் தளர்வு வந்தது. அமெரிக்கா இன்னொரு விதம். ஒற்றைப் பேராக இருந்தால் அந்தப் பேரைக் குடும்பப் பேராக வைத்துக்கொண்டு, சொந்தப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று விசாவில் அச்சடித்துவிடுவார்கள். முதல் பேர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. எனக்குத் தெரிந்த ஒருவரை அங்கே ஆஸ்பத்திரியில் "மிஸ்டர் ஃப்னு" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். சாதியைப் பேருக்குப் பின்னாலிருந்து வெட்டி எறிந்ததற்கு நாம் கொடுக்கும் சில்லறைத் தண்டம் இது என்று நான் வைத்துக்கொள்கிறேன். அந்தத் தண்டத்தைச் சந்தோஷமாகவே கட்டலாம். ஆனால் அம்மாவை ஷார்ஜா கவுண்டரில் நிறுத்த எனக்கு மனசில்லை. அப்பாவின் பேரை விரித்து இரண்டாவது கட்டத்தில் எழுதினோம். அப்பா போய் ரொம்ப நாளாகிறது. உயிரோடு இருந்தவரைக்கும் அம்மா அவர் பேரை வாயால் சொன்னதில்லை.

அடுத்து, இங்கிலீஷ் எழுத்து. வள்ளியம்மாளில் நடுவே ஒய் போடலாம், போடாமலும் எழுதலாம். கடைசியில் ஒரு எல்லா, இரண்டு எல்லா? அம்மாவின் ஆதாரில் ஒய் இருந்தது. தங்கச்சியின் பாஸ்போர்ட்டில் தாயார் பேர் ஒய் இல்லாமல் அச்சாகியிருந்தது. மகள் தாய்க்கு விசா எடுக்கும்போது, இவர்தான் உன் தாய் என்பதற்கு அங்கே பார்ப்பது இதைத்தான். ஆகவே தங்கச்சி பாஸ்போர்ட்டில் இருந்தபடியே அம்மாவின் ஆதாரைத் திருத்தினோம். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஆதாரில் பேரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. யோசித்து மாற்றுங்கள். ஓட்டர் ஐடியில் வள்ளியம்மை என்றிருந்ததற்குப் படிவம் 8 போட்டோம், அது இலவசம்.

காகிதம் சரியானதும் மற்றதெல்லாம் ஓட்டமாக ஓடியது.

விண்ணப்பிக்க வேண்டிய தளம் ஒன்றே ஒன்றுதான், பாஸ்போர்ட்இந்தியா டாட் கவ் டாட் இன். கூகுளில் தேடினால் அதே மாதிரி முகப்போடு வேறு சில தளங்கள் மேலே வந்து நிற்கும், அதிகப் பணம் கேட்கும். வெளியுறவு அமைச்சகமே இந்தப் போலிகளைப் பற்றி எச்சரித்திருக்கிறது. கம்ப்யூட்டர் சென்டரில் போடுவதாக இருந்தாலும் உங்கள் மெயிலையும் உங்கள் மொபைலையும் கொடுத்து ஐடி உருவாக்கச் சொல்லுங்கள். நிறைய சென்டர்களில் தங்கள் மெயிலிலேயே எல்லாருக்கும் போட்டுவிடுகிறார்கள். பிறகு அப்பாயின்மென்ட் மாற்றுவதற்கும், என்ன நிலை என்று பார்ப்பதற்கும் அவர்கள் கடையைத் திறக்கும்வரை நீங்கள் வாசலில் நிற்க வேண்டும்.

கட்டணம் 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். 60 பக்கம் என்றால் 2,000. தட்கல் என்றால் மேலே 2,000. புதுசாக எடுக்கும் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி, அம்மாவுக்கு 1,350 ஆயிற்று. இதில் எல்லாம் அடக்கம். போலீஸ் விசாரணைக்கென்று தனிக் கட்டணம் எதுவும் இல்லை. அந்த வரியை இன்னொரு முறை வாசித்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும். அம்மாவோடு சேர்த்து என் பாஸ்போர்ட்டையும் புதுப்பிக்கப் போட்டேன். விலாசம் மாறவில்லை, பேர் மாறவில்லை. அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. காலாவதியாவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம் என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

குறித்த நாளில் தபால் நிலையம். அசல் எல்லாம் ஒரு ஃபைலில், கையெழுத்திட்ட நகல் இன்னொன்றில். அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, திருநீறு இட்டுக்கொண்டு வந்தார். எங்களுக்கு முன்னால் இருந்த பையனுக்கு இருபது வயசு இருக்கும், சவூதிக்குப் போகிறான். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான். "ஈ.சி.ஆர். விழுந்துருமாண்ணே?" என்று என்னிடம் கேட்டான். விழும். குடிபெயர்வுச் சோதனை தேவை என்பதன் சுருக்கம் அது: பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வேலைக்காகச் சவூதி, குவைத், அமீரகம், மலேசியா மாதிரி குறிப்பிட்ட நாடுகளுக்குப் போவதானால் குடிபெயர்வு அனுமதி வாங்கித்தான் போக வேண்டும் என்கிறது 1983ஆம் வருஷத்துச் சட்டம். ஏமாற்று ஏஜென்ட்டிடம் மாட்டாமல் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் எங்கள் ஊரில் அதை ஒரு தழும்பு மாதிரி பார்க்கிறார்கள். அந்தப் பையனிடம் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதச் சொன்னேன். தலையாட்டினான். எழுதுவானா என்பது சந்தேகம். ஐம்பது வயதைத் தாண்டிவிட்டதால் அம்மாவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

கவுண்டரில் பதிவுத்தாளை வாங்கிய பெண் ஊழியர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஸ்கேன் செய்தார். போட்டோவை அங்கேயே எடுத்தார்கள். பிரச்சினை கைரேகையில் வந்தது. அம்மா பல வருஷம் முண்டு மிளகாய் ஆய்ந்த கை. விரல் நுனியெல்லாம் வழுவழுவென்று ஆகிவிட்டது. மெஷின் சிவப்பு விளக்கையே காட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மணி சலிக்கவில்லை. ஈரப் பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, காயவிட்டு, தன் கையை அம்மாவின் விரல்மேல் வைத்து மெதுவாக அழுத்தினார். கட்டைவிரல் விழுந்தது, ஆட்காட்டி விரல் விழுந்தது, சுண்டுவிரல்தான் ரொம்பப் படுத்தியது. "பாட்டி, மிளகாய்க் காடா? எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்" என்றார். அதிகாரி கேட்டது இரண்டு மூன்று கேள்வி. எங்கே போறீங்க, யார் இருக்காங்க, இதுக்கு முன்னாடி பாஸ்போர்ட் எடுத்திருக்கீங்களா. அவ்வளவுதான். ரசீது கையில் வந்துவிட்டது.

பிறகு போலீஸ். ஸ்டேஷன் எது என்று சொல்லப்போவதில்லை.

போன் வந்தது, வந்து பார்க்கச் சொன்னார்கள். அம்மா ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. "நான் என்னத்தைக் களவாண்டேன், என்னை எதுக்குய்யா ஸ்டேசனுக்குக் கூப்பிடுறாக?" என்று அதே கேள்வி. வழக்கு எதுவும் இல்லை என்று உறுதி செய்வதற்கும், கொடுத்த விலாசத்தில்தான் இருக்கிறாரா என்று பார்ப்பதற்கும்தான் என்று எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. நான் போனில், அறுபது தாண்டியவர், வீட்டுக்கு வந்து பாருங்கள் என்று கேட்டேன். மறுபேச்சில்லாமல் வந்தார் அந்த ஏட்டு. அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் கையெழுத்து, ஆதார் நகல், எத்தனை வருஷமாக இங்கே இருக்கீங்க என்ற கேள்வி. எல்லாம் முறையாக முடிந்தது. கிளம்பும்போது வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, "பெட்ரோல் செலவுக்கு ஏதாச்சும் பார்த்துச் செய்யுங்க" என்றார்.

இங்கேதான் நம் ஆட்கள் தவறாமல் பர்ஸை எடுக்கிறார்கள். ரிப்போர்ட்டில் ஏதாவது எழுதிவிடுவாரோ என்ற பயம். நான் கொடுக்கவில்லை. "சார், கட்டணத்தில் எல்லாம் சேர்த்துக் கட்டியாச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ரிப்போர்ட் ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது. ஒரு குற்றமும் இல்லாத ஆளைப் பற்றி அவர் என்னத்தை எழுத முடியும்? எழுதினாலும் காரணம் சொல்ல வேண்டும், அதற்கு மேல் எஸ்.பி. அலுவலகம் இருக்கிறது, பாஸ்போர்ட் அதிகாரி இருக்கிறார், மேல்முறையீடு இருக்கிறது.

பாஸ்போர்ட்டை யாரோ மனசு வைத்துத் தருகிற தர்மம் மாதிரி நினைப்பதால் வருகிற பயம் இது. ஒரு காலத்தில் நிலைமை ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. சட்டமே கிடையாது, அரசாங்கம் இஷ்டப்பட்டால் தரும். 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி என்பவர் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாடு போவதும் தனிமனித சுதந்திரத்தில் அடக்கம், சட்டம் இல்லாமல் இஷ்டத்துக்கு மறுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவசர அவசரமாகப் பாஸ்போர்ட் சட்டம் வந்தது, அதே வருஷம் ஜூன் 24. அந்த நாளைத்தான் இப்போது பாஸ்போர்ட் சேவை தினமாகக் கொண்டாடுகிறார்கள். மறுப்பதானால் சட்டத்தில் சொன்ன காரணத்துக்காக மட்டும்தான் மறுக்கலாம். பெட்ரோல் செலவு கொடுக்காதது அந்தக் காரணங்களில் இல்லை.

புத்தகம் ஸ்பீட் போஸ்டில் வந்தது. உரியவர் கையில்தான் கொடுப்பார்கள், அடையாள அட்டை கேட்பார்கள், வீடு பூட்டியிருந்தால் திரும்ப மதுரைக்கே போய்விடும். எங்கள் தபால்காரருக்குத் தன் சின்ன வயதிலிருந்தே அம்மாவைத் தெரியும், இருந்தாலும் ஆதாரைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அதுதான் சரி. இப்போது வருவது இ-பாஸ்போர்ட். அட்டையில் அடியில் தங்க நிறத்தில் ஒரு சின்னக் குறி இருக்கும், உள்ளே சிப். 2024 ஏப்ரலில் புவனேஸ்வரிலும் நாக்பூரிலும் தொடங்கி, சென்னைக்கு 2025 மார்ச்சில் வந்தது. அம்மா சிப்பைப் பற்றியெல்லாம் கேட்கவில்லை. போட்டோவைப் பார்த்து, "இம்புட்டுக் கிழவியாவா இருக்கேன்?" என்றார். பிறகு பேர் இருந்த இடத்தில் விரலை வைத்து எழுத்துக் கூட்டப் பார்த்தார். இங்கிலீஷ், முடியவில்லை. நான் வாசித்துக் காட்டினேன். அப்பா பேர் வந்ததும், "அதை எதுக்குய்யா சத்தமாப் படிக்கிற?" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாவுக்கோ அப்பத்தாவுக்கோ வெளிநாடு போகும் யோசனை இன்றைக்கு இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் அவர்கள் ஆதாரை எடுத்துப் பாருங்கள், பிறந்த தேதி முழுசாக இருக்கிறதா என்று. வருஷம் மட்டும் இருந்தால், எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு வரை படித்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். கிராமத்துத் தொடக்கப்பள்ளிகள் பிள்ளைகள் இல்லாமல் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. மூடிய பிறகு பதிவேடு எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று தேடி அலைய வேண்டும். பள்ளி நடக்கிற நாளில் காலை பத்து மணிக்கு மேல் போங்கள், தலைமை ஆசிரியர் இருப்பார். பதிவுத்தாளுக்கு நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டியது ஒரு பக்க விண்ணப்பம் மட்டும்தான்.